கடைப் பெயர் எங்களுடையது, டொமைன் அவர் பெயரில்

பவானியில் எங்கள் ஜமக்காளக் கடையை அப்பா ஆரம்பித்தது 1986இல். கடைப் பெயரிலேயே ஒரு டாட் இன் இணைய முகவரி (டொமைன்) வாங்கி வெப்சைட் போட்டது 2015இல். செய்து கொடுத்தவர் தெரிந்த பையன். டொமைன் புதுப்பிக்கும் பணத்தை வருடம் தவறாமல் அவருக்குக் கொடுத்துவிடுவேன், பின்னாளில் ஜிபேயில். பணம் நாம் கட்டுகிறோம், பெயர் நம் கடைப் பெயர், பிறகு அது யாருடையதாக இருக்கும் என்று யோசித்ததே இல்லை.

2022இல் வெப்சைட் வேலையை வேறொருவரிடம் கொடுத்தபோதுதான் தெரிந்தது. பழையவர் பாஸ்வேர்டு தரவில்லை. டொமைனைப் பதிவு செய்து தரும் நிறுவனமான ரெஜிஸ்ட்ராருக்கு எழுதினேன். பதிவில் உங்கள் பெயர் இல்லை, எங்களால் எதுவும் செய்ய முடியாது என்று பதில் வந்தது. நான்காம் நாள் வாட்ஸ்அப்பில் செய்தி: "மூணு லட்சம் குடுத்துட்டு டொமைன எடுத்துக்கங்கண்ணா." அன்று சாயங்காலமே வெப்சைட் இருந்த இடத்தில் 'விற்பனைக்கு' என்ற பக்கம். ஆர்டர் வரும் மெயிலும் அதே டொமைனில்தான் இருந்தது, அதுவும் நின்றது. தீபாவளிக்கு ஐந்து வாரம்.

நேரில் போய் சண்டை போடத்தான் கிளம்பினேன். ஈரோட்டில் பார்த்த வக்கீல் தடுத்தார். "அந்த மெசேஜ்தான் உங்க கேஸு. அழிக்காதீங்க, பேரம் பேசாதீங்க." பதிவுச் செலவைவிடப் பல மடங்கு கேட்டு, பெயருக்கு உரியவரிடமே விற்கப் பார்ப்பது கெட்ட நோக்கத்துக்குச் சான்று என்று டாட் இன் விதியே சொல்கிறதாம்.

அவர் விளக்கித்தான் புரிந்தது. டொமைனை யாரும் நிலம் மாதிரி கிரயம் வாங்குவதில்லை. வாடகை மாதிரிதான். அதிகபட்சம் பத்து வருடத்துக்கு எடுக்கலாம், அதுவும் யார் பெயரில் பதிவோ அவருக்கு. இதற்கென்று தனிச் சட்டம் நம் நாட்டில் இல்லை. ஆனால் வணிகப் பெயருக்கு உள்ள பாதுகாப்பு டொமைனுக்கும் உண்டு என்று 2004இல் சத்யம் இன்ஃபோவே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கோர்ட்டுக்குப் போகாமல் இன்னொரு வழியும் இருந்தது. டாட் இன்னை நிர்வகிக்கும் நிக்ஸியிடம் புகார் கொடுத்தால் ஒரு நடுவரை நியமிப்பார்கள்.

எங்களிடம் டிரேட்மார்க் இல்லை. பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு இருக்கிறதே என்று கேட்டேன். அது இந்த ஊர் நெசவுக்கு, உங்கள் கடைப் பெயருக்கு உதவாது என்றார். அந்தப் பெயரில் நாங்கள் எத்தனை காலமாக வியாபாரம் செய்கிறோம் என்பதைக் காகிதத்தில் காட்ட வேண்டும். இரண்டு நாள் பரணில் கிடந்தேன். கிடைத்தது 1991 பில் புக் ஒன்று. ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது. கார்பன் மங்கிப்போன ஊதா எழுத்தில் அப்பா கையெழுத்து, மேலே அச்சில் கடைப் பெயர். அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அதோடு ஜிஎஸ்டி பதிவு, பழைய பத்திரிகை விளம்பரம், ஜிபே ரசீதுகள் எல்லாம் சேர்த்தோம்.

மூன்று விஷயம் நிரூபிக்க வேண்டும். டொமைன் எங்கள் பெயரோடு ஒத்திருக்கிறது, அவருக்கு அந்தப் பெயரில் நியாயமான உரிமை இல்லை, கெட்ட நோக்கம் இருக்கிறது. மூன்றாவதில்தான் எனக்குப் பயம். 2015இல் அவர் எங்களுக்காகத்தானே வாங்கினார், அப்போது கெட்ட எண்ணம் எதுவும் இல்லையே? டாட் காமாக இருந்திருந்தால் இங்கேயே மாட்டியிருப்போம். அங்கே பதிவு செய்ததும் கெட்ட நோக்கத்தோடு இருக்க வேண்டும், பயன்படுத்துவதும் அப்படியே இருக்க வேண்டும். டாட் காம் புகார்களை எடுக்கும் ஐ.நா. அமைப்பான வைப்போவில் புகார் கட்டணமே 1,500 டாலர். டாட் இன் விதியில் அந்த இடத்தில் 'அல்லது' என்று இருக்கிறது. பதிவு செய்ததோ, இப்போது பயன்படுத்துவதோ, ஒன்று போதும். அந்த ஒரு சொல்லில்தான் எங்கள் கடை தப்பித்தது.

டெல்லிக்கு அலைய வேண்டியிருக்கவில்லை, எல்லாம் மெயிலிலேயே நடந்தது. வழக்கு நடக்கும்போது டொமைனை வேறு யாருக்கும் மாற்ற முடியாது என்பதைக் கேட்ட பிறகுதான் தூக்கம் வந்தது. எதிர்த்தரப்பு பதிலே தரவில்லை. நடுவர் விசாரணையைத் தொடங்கியதிலிருந்து 60 நாளுக்குள் தீர்ப்பு தர வேண்டும் என்பது விதி. எங்களுக்கு 52ஆம் நாள் வந்தது: டொமைனைப் புகார்தாரருக்கு மாற்றவும். மூன்று மாதத்துக்குள் அவர் கோர்ட்டில் எதிர்த்திருக்கலாம், எதிர்க்கவில்லை. ஆனால் தீபாவளி வியாபாரம் போனது போனதுதான்.

இப்போது பதிவு என் பெயரில், மெயில் என் சொந்த மெயில், ஓடிபி என் போனுக்கு வருகிறது. தரைவிரிப்புகளுக்கான 27ஆம் வகையில் டிரேட்மார்க்குக்கும் விண்ணப்பித்துவிட்டேன். சிறு நிறுவனம் ஆன்லைனில் போட்டால் ஒரு வகைக்கு 4,500 ரூபாய்.

போன வாரம் குமாரபாளையத்தில் மச்சான் தறிக்கூடத்துக்குப் போயிருந்தேன். டொமைன் அக்கவுன்ட்டைத் திறந்து காட்டச் சொன்னேன். "அது வெப்சைட் பையன்கிட்ட இருக்கு மாமா" என்றான். உட்காரவைத்து, அங்கேயே அந்தப் பையனுக்குப் போன் போடவைத்தேன்.