மோரிஸ் மைனரின் மெத்தென்ற பிரேக்: ஏர் எடுத்தும் தீராதபோது செய்து பார்த்தவை

என்னிடம் இருக்கும் 1965ஆம் ஆண்டு மோரிஸ் மைனர் காருக்கு நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்தான்; அதாவது சக்கரத்தோடு சுழலும் டிரம்மின் உட்பக்கத்தில் ஷூக்கள் அழுந்தி வண்டியை நிறுத்தும். பிரேக் ஆயில் ஓடும் பாதையும் ஒன்றே என்பதால் ஒரு சக்கரத்தில் கோளாறு வந்தாலும் பெடல் முழுவதும் தளர்ந்துவிடும். ஷூக்களைத் தள்ளும் வீல் சிலிண்டர்கள், பிரேக் ஷூக்கள், ஆயில் செல்லும் மூன்று ரப்பர் ஹோஸ்கள் ஆகிய அனைத்தையும் புதிதாக மாற்றிய பிறகும் பெடல் பாதிக்கு மேல் இறங்கியது. அதன் பிறகும் பஞ்சை மிதிப்பது போலவே இருந்தது. இந்த நிலையில் காரைச் சாலைக்கு எடுக்க மனம் வரவில்லை.

பெடல் மெத்தென்று இருந்தால் எல்லோரும் முதலில் ஏர் எடுக்கத்தான், அதாவது ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றத்தான் சொல்வார்கள். நானும், பெடலை மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவில் உள்ள பின்சக்கரத்தில் தொடங்கி, காற்றை வெளியேற்றும் நிப்பிளில் மாட்டிய குழாயின் மறுமுனையைப் பிரேக் ஆயில் ஊற்றிய பாட்டிலில் மூழ்கவைத்து, என் மகள் பெடலை மெதுவாக மிதிக்க, நான்கு சக்கரங்களிலும் ஏர் எடுத்தேன். இரண்டாம் சுற்றில் ஒரு குமிழிகூட வரவில்லை, பெடலும் மாறவில்லை. மூன்றாம் சுற்றுக்கும் ஆயிலை வீணாக்குவதை விட்டுவிட்டு, பெடல் என்ன சொல்கிறது என்று கவனிக்க முடிவு செய்தேன்.

அடுத்தடுத்து வேகமாக மிதித்தால் இரண்டாவது மிதியில் பெடல் ஓரளவு உயர்ந்தது. காற்று இல்லாதபோதும் இப்படி உயர்ந்தால், ஷூவுக்கும் டிரம்முக்கும் இடையே இடைவெளி அதிகம் என்று பொருள். முன்சக்கரம் ஒவ்வொன்றிலும் இரண்டு ஷூக்களுக்கும் தனித்தனி சிலிண்டர் இருப்பதால், அந்த இடைவெளியைக் குறைக்கும் அட்ஜஸ்டரும் இரண்டு. டிரம்மில் உள்ள துளை வழியாக ஸ்க்ரூடிரைவரை நுழைத்து, சக்கரம் சுழலாமல் பிடிக்கும்வரை அட்ஜஸ்டரைத் திருப்பி, பெடலை ஒருமுறை அழுத்தி ஷூவை அதன் இடத்தில் அமரவைத்து, பிறகு உரசாமல் சுழலும் அளவுக்கு ஒவ்வொரு 'கிளிக்'காகத் தளர்த்த வேண்டும். பின்சக்கரங்களையும் சரிசெய்து முடித்தபோது பெடல் உயரத்திலேயே பிடித்தது. ஆனால் பிடித்த பிறகும் அந்தப் பஞ்சுத்தன்மை போகவில்லை. பெடல் தாழ்வாக இருப்பதும் மெத்தென்று இருப்பதும் இரண்டு வெவ்வேறு கோளாறுகள் என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது.

பெடலை ஒரு நிமிடம் அழுத்தியபடியே வைத்திருந்தும் அது கீழே நழுவவில்லை. ஆகவே மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் வாஷர் ஆயிலை உள்ளுக்குள் கசியவிடவில்லை. அடுத்து, உருண்டையான வழுவழுப்பான தாடை கொண்ட ஹோஸ் கிளாம்புகளால் மூன்று ஹோஸ்களையும் இறுக்கி, சக்கரங்களுக்கு ஆயில் போகாமல் தடுத்தேன். ஹோஸ்கள் புதியவை என்பதால்தான் இதற்குத் துணிந்தேன். பழைய ஹோஸை இப்படி நசுக்கினால் உட்சுவர் பிளந்துவிடக்கூடும். "அப்பா, இப்போது கல் மாதிரி இருக்கிறது" என்றாள் மகள். பின்பக்கக் கிளாம்பையும் வலது முன்பக்கக் கிளாம்பையும் ஒவ்வொன்றாகக் கழற்றியபோது பெடல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினாலும் உறுதியாகவே நின்றது. இடது முன்பக்கத்தைக் கழற்றியதும் பழையபடி பஞ்சானது.

கோளாறு இடது முன்சக்கரத்தில்தான் என்பதால் அதன் டிரம்மைக் கழற்றினேன். பழைய லைனிங்குகளில் (ஷூவின் மேலுள்ள உராய்வுப் பட்டைகளில்) ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம் என்பதால் டிரம்முக்குள் இருந்த தூசியை ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுத்தேன். சிலிண்டர்களில் கசிவு இல்லை. லைனிங் முழுவதும் சாக்பீஸ் தேய்த்து, டிரம்மை மாட்டி, பிரேக்கை மிதித்தபடியே சக்கரத்தைக் கையால் சற்றுத் திருப்பிவிட்டுக் கழற்றியபோது, ஷூவின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் சாக்பீஸ் அழிந்திருந்தது. இரு முனைகளிலும் வெள்ளை அப்படியே இருந்தது. அளந்து பார்த்தேன். 8 அங்குல டிரம்மின் உள்விட்டம் 203.2 மி.மீ. இருக்க வேண்டும். வலதில் 203.4 மி.மீ., இடதில் 204.5 மி.மீ. முன்பு யாரோ இடது டிரம்மின் உட்புறத்தை மட்டும் லேத்தில் கடைந்திருக்கிறார்கள். டிரம்மின் வளைவு பெரிதாகிவிட்டதால் புதிய ஷூ நடுவில் மட்டுமே படுகிறது. மேலும் அழுத்தும்போது அது வில்லைப் போல வளைந்துகொடுக்கிறது. அந்த வளைவுதான் என் காலுக்குப் பஞ்சாகத் தெரிந்திருக்கிறது.

சந்தேகம் தீர, இரண்டு டிரம்களையும் இடம் மாற்றி மாட்டி, அட்ஜஸ்டர்களை மீண்டும் சரிசெய்தேன். மெத்தென்ற தன்மையும் டிரம்மோடு வலது பக்கத்துக்கு இடம் மாறியது. இந்த முழுச் சோதனையிலும் எனக்கு மிகவும் நிறைவு தந்த கணம் அதுதான்.

லைனிங்கை டிரம்மின் வளைவுக்கு அரைத்துக்கொள்ளவும் வழி உண்டு. ஆனால் ஒரே அச்சில் இருவேறு அளவு டிரம்கள் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. முன்பக்கம் இரண்டையும் புதிதாக மாற்றினேன். ஏறத்தாழ 40 கி.மீ. வேகத்திலிருந்து இதமாகப் பிரேக் பிடிப்பதும், டிரம் ஆற இடைவெளி விடுவதுமாக 30 முறை ஓட்டி லைனிங்கைப் பதியவிட்டேன். 200 கி.மீ. ஓடிய பின் அட்ஜஸ்டர்களை ஒரு கிளிக் இறுக்க வேண்டியிருந்தது. இப்போது சாக்பீஸ் சோதனையில் ஷூவின் ஓரங்களில் மட்டும் மெல்லிய வெள்ளைக் கோடு மிஞ்சுகிறது.