மாம்பழக் கதையோடு நிறுத்திவிடுகிறோம்

டிசம்பர் 17

காரைக்கால் அம்மையார் என்று ஆரம்பித்தாலே எல்லோரும் அவர் சிவனை வேண்டி மாம்பழம் வரவழைத்த கதைக்குப் போய்விடுகிறார்கள். நல்ல கதைதான், பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்லிப் படித்தால் இன்னும் நல்லது. ஆனால் அந்த அம்மையார் தன் கையால் எழுதியதைத் தொடாமல் அதோடு எழுந்து போய்விட்டால் எப்படி? இன்று அற்புதத் திருவந்தாதியை மறுபடி எடுத்தேன். முதல் வெண்பாவில், பிறந்து பேசப் பழகிய நாள் முதல் உன் காலடியில் கிடக்கிறேனே, என் துன்பத்தை எப்போதுதான் தீர்ப்பாய் என்று கேட்டு ‘இடர்’ என்ற சொல்லில் நிறுத்துகிறார். அந்தாதி என்பதால் அடுத்த பாட்டு அதே இடரில் தொடங்கியாக வேண்டும், தொடங்குகிறது: அவர் இடரைக் களையாவிட்டாலும் சரி, இரங்காவிட்டாலும் சரி, என் நெஞ்சுக்கு அவர் மேல் உள்ள அன்பு அறாது. கேட்ட வாய் மூடுவதற்குள் பதிலையும் தானே சொல்லிவிடுகிறார், சண்டையும் சரணும் ஒரே சொல்லில் தொங்குகின்றன. 101 பாட்டும் இப்படியே கோத்துக்கொண்டு போய், கடைசிப் பாட்டின் கடைசிச் சொல் முதல் பாட்டின் முதல் சொல்லான ‘பிறந்து’ என்பதில் வந்து சேர்கிறது.

அப்பருக்கும் சம்பந்தருக்கும் முன்னால் வாழ்ந்தவர் இவர். நம்மாழ்வார், அபிராமி பட்டர் என்று பின்னால் எத்தனை பேர் இந்த அந்தாதி வழியில் நடந்திருக்கிறார்கள்! மேடையில் இதை யாராவது பத்து நிமிடம் பேசினால் போதும், மாம்பழத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

டிசம்பர் 18

நேற்றையதன் தொடர்ச்சி. கடைசிப் பாட்டில் தன்னைக் ‘காரைக்கால் பேய்’ என்றே சொல்லிக்கொள்கிறார். கம்போடியாவில் 967இல் எழுந்த பந்தியாய் ஸ்ரீ கோயிலில், ஆடும் சிவனின் காலடியில் எலும்பும் தோலுமாக ஒரு பெண் உட்கார்ந்திருக்கும் சிற்பம் உண்டு, ஆய்வாளர்கள் அது இவர்தான் என்கிறார்கள். கடல் தாண்டிப் போயிருக்கிறார்!

டிசம்பர் 26

செம்பியன் மாதேவி. தஞ்சைப் பெரிய கோயிலை 1010இல் முடித்த ராஜராஜனைத் தெரியாதவர் இல்லை, அவருடைய தாத்தாவின் அண்ணன் மனைவியான இந்த அம்மையாரைக் கேட்டால் பாதிப் பேர் யோசிக்கிறார்கள். கணவர் கண்டராதித்தர் இறந்த பிறகும் பல பத்தாண்டுகள் வாழ்ந்து, ஆட்சிகள் மாற மாற, தேவாரத்தில் பாடப்பட்ட செங்கல் கோயில்களை ஒவ்வொன்றாகக் கற்றளியாக, அதாவது கல் கோயிலாக ஆக்கிக்கொண்டே இருந்தவர். பத்தாம் நூற்றாண்டில் ஓர் அரசி, கைம்பெண், சிற்பிகளையும் தச்சர்களையும் இத்தனை காலம் விடாமல் வேலையில் வைத்திருந்தார் என்றால், அடுத்த தலைமுறை எழுப்பிய பெரிய விமானங்களுக்குத் தேர்ந்த கைகள் எங்கிருந்து வந்தன என்று தனியாகத் தேட வேண்டாம். ஆடவல்லானை, அதாவது நடராசரை, கோயில் சுவரின் மாடத்தில் வைப்பது பரவலானதும் அவர் எழுப்பிய கோயில்களில்தான்.

கோனேரிராஜபுரத்தில் கண்டராதித்தர் லிங்கத்தை வணங்குவதாக ஒரு சிற்பம் இருக்கிறது, கூடவே கல்வெட்டும். கோயிலை எடுத்தவர் மாதேவி, எடுத்தது கணவரின் பெயரால். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது. நல்லவேளை, தன் பெயரையும் கல்லில் வெட்டச் சொன்னார்.

ஜனவரி 2

வேலை அதிகம். திருப்பாவை மட்டும்.

ஜனவரி 11

கூடாரவல்லி, திருப்பாவையின் இருபத்தேழாம் பாட்டுக்குரிய நாள். ‘கூடாரை வெல்லும் சீர்’ பாடி, நெய் முழங்கை வழியே ஒழுகும் அந்தப் பாற்சோற்றை நினைக்காத ஆள் இன்று இருக்க முடியாது. ஆண்டாளிடம் எனக்குப் பிடித்ததே இந்தத் துணிச்சல்தான், நோன்பு என்று உட்கார்ந்துகொண்டு ஆடை வேண்டும், தோடு வேண்டும், நெய்ச்சோறு வேண்டும், எல்லோரும் சேர்ந்து உண்ண வேண்டும் என்று பெருமாளிடம் பட்டியல் போடுகிறாள். முப்பதாம் பாட்டில் இது கோதை சொன்னது என்று பெயரையும் பதித்துவிடுகிறாள். மார்கழி முழுக்கத் திருமலையில் சுப்ரபாதத்தை ஒதுக்கிவைத்து இவள் பாட்டில்தான் வேங்கடவனை எழுப்புகிறார்கள்.

அப்புறம் அந்த நூறு தடா விஷயம். நாச்சியார் திருமொழியில், திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா (பெரிய பானை) வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசில் என்னும் இனிப்புச் சோறும் நேர்ந்ததாகப் பாடுகிறாள். பாட்டில் சொன்னதோடு நின்றுபோன அந்த நேர்த்தியைப் பிற்காலத்தில் ராமானுஜர் அழகர்கோயிலுக்குப் போய்ச் செலுத்தினார், அதனால் ஆண்டாள் அவரை ‘அண்ணா’ என்று அழைத்தாள் என்பது வைணவ மரபு. எவ்வளவு பெரிய ஆசாரியர், ஒரு பெண் எழுதிய வரியைத் தான் அடைக்க வேண்டிய கடனாக எடுத்துக்கொண்டிருக்கிறார் பாருங்கள்.

நாச்சியார் திருமொழி 143 பாசுரம். மார்கழி முடிந்ததும் அதையும் மூடி வைத்துவிடுகிறார்கள், தையொருதிங்கள் பாட்டிலிருந்து நான் ஆரம்பிக்கப் போகிறேன், சேர்ந்து படிக்க வருபவர்கள் வாருங்கள்.