காரைக்குடி வெயிலும் ஒரு பழைய எம்ஜிபியும்

எம்ஜிபி என்ற பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்க நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது, "எஞ்சின் எப்படி இருக்கு?" என்பதைத்தான். நம் பக்கத்தில் அது கடைசிக் கேள்வியாக இருக்கலாம். 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தில் தயாரான இந்தக் காரின் எஞ்சினைப் பழுதுபார்க்க இங்கே ஆள் உண்டு. பணத்தைத் தின்பது வெயில், இன்றைய பெட்ரோல், அடிப்பகுதித் துரு, ஆர்.சி. புத்தகம் ஆகிய நான்கும்தான்.

எஞ்சின் 1798 சிசி, பி சீரிஸ். பழைய அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் எஞ்சினும் இதே குடும்பம். ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) இரண்டுக்கும் 88.9 மி.மீ.; போர் (சிலிண்டர் விட்டம்) மட்டும் அதில் 73, இதில் 80.26. அதனால் அம்பாசடரில் பழகிய மூத்த மெக்கானிக் யாராக இருந்தாலும் தயங்காமல் சிலிண்டர் ஹெட்டை இறக்குவார். பிஸ்டனும் ரிங்கும் மட்டும் அம்பாசடரிலிருந்து எடுத்துப் போட முடியாது. பின்னாளில் அம்பாசடரில் வந்த 1.8 இசுசு எஞ்சின் வேறு வம்சம். அளவு நெருங்கி வருகிறதே என்று ஏமாற வேண்டாம்.

டேப்பட் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே உள்ளது, எஞ்சின் ஆறியிருக்கும்போது 0.015 அங்குலம். டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட்டும் 0.015 பக்கம், பிளக் 0.025. ஆயில் 20டபிள்யூ50, ஃபில்டரோடு சேர்த்து நாலேகால் லிட்டர். டேப்பட் லேசாகச் சத்தம் போட்டால் பயப்பட வேண்டியதில்லை. சத்தமே இல்லாமல் இருந்தால்தான் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜை எடுக்க வேண்டும். ஹெட் வார்ப்பிரும்பு, கடினப்படுத்திய வால்வு சீட் கிடையாது. ஈயமில்லாத பெட்ரோலில் நீண்ட தூரம் வேகமாக ஓட்டினால் எக்ஸாஸ்ட் வால்வு சீட்டுக்குள் இறங்கும், இடைவெளி மூடும், கடைசியில் வால்வு எரியும். எந்தக் காரணத்துக்காக ஹெட்டைக் கழற்றினாலும் லேத் பட்டறையில் கொடுத்து எக்ஸாஸ்ட் பக்கம் கடினச் சீட் அடித்துவிடுங்கள். தனியாக இன்னொரு முறை கழற்றுவதுதான் வீண் செலவு.

இனி வெயில். இந்த ஹெட்டில் கார்பரேட்டர்களும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஒரே பக்கம், கார்பரேட்டர்கள் மேலே. சித்திரை மதியம் மதுரையிலிருந்து வந்து கடைத்தெருவில் பத்து நிமிடம் நிறுத்தினால் போதும். கீழிருந்து ஏறும் சூட்டில் கார்பரேட்டரின் பெட்ரோல் கிண்ணமான ஃப்ளோட் சேம்பரில் பெட்ரோல் கொதித்துவிடும். திரும்ப ஸ்டார்ட் ஆகாது, ஸ்டார்ட் ஆனாலும் திக்கித் திணறும். பலர் உடனே பம்பை மாற்றுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது கார்பரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் இருக்கும் வெப்பத் தகடு. அதன் மேல் ஒட்டியிருந்த காப்புப் படலம் உதிர்ந்து வெறும் தகரம் மட்டும் மிஞ்சியிருக்கும். புதிய காப்பும், தகட்டின் இருபுறமும் வெப்பம் கடத்தாத ஸ்பேசரும் போட்டால் தொல்லை பெருமளவு குறையும். நிறுத்தியதும் பானெட்டைத் திறந்து வைக்கும் பழக்கமும் நல்லது.

ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றவே கூடாது. நம் ஊர் உப்புப் படிந்து பிளாக்கின் பின்பக்கம் சேறு போல் கட்டிக்கொள்ளும். நாலாவது சிலிண்டர் பக்கம் சூடேறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பிளாக்கின் வடிகுழாயைத் திறந்தும் தண்ணீர் வரவில்லையென்றால் கம்பி விட்டுக் குத்தி எடுங்கள். பழைய செம்பு ரேடியேட்டரைத் தூக்கி எறிய வேண்டாம், ரீகோர் பண்ணலாம், அதாவது உள்கூட்டை மட்டும் மாற்றலாம். பிறகு டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியச் சொல்லும் ஆலோசனை இங்கே எல்லாப் பட்டறையிலும் கிடைக்கும். கேட்காதீர்கள். வழக்கமான 82 டிகிரிக்குப் பதில் 74 டிகிரி ஒன்று போட்டால் போதும்.

பெட்ரோல் விஷயம் இன்னும் தீவிரம். பங்கில் இப்போது வருவது இ20, அதாவது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். இந்தக் காரின் ரப்பர் குழாய், பம்ப் டயஃப்ரம், கார்க் வாஷர் எதுவும் எத்தனாலுக்காகச் செய்ததல்ல. குழாய் உள்ளிருந்து இளகி, கருப்புத் துகளாக உதிர்ந்து கார்பரேட்டருக்குள் பெட்ரோலை நிறுத்தும் நீடில் வால்வில் உட்காரும். கார்பரேட்டர் வழிந்து ஓடும். கீழே சுடும் மேனிஃபோல்ட் இருப்பதால் இது தீப்பிடிக்கும் விஷயம். எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்று அச்சிட்ட குழாயைத் தேடி வாங்கி டேங்க் முதல் கார்பரேட்டர் வரை மொத்தமாக மாற்றுங்கள். நீடில் வால்வு வைட்டான் என்ற எத்தனால் தாங்கும் ரப்பர் முனை உள்ளதாக இருக்கட்டும். எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் கலவை லீன் ஆகும், அதாவது பெட்ரோல் குறைந்து காற்று கூடும். எஸ்யூ எச்எஸ்4 கார்பரேட்டரில் ஜெட் நட்டை ஒரு ஃப்ளாட் (நட்டின் ஒரு முகம் அளவு) கீழே இறக்கி, பிளக்கின் நிறம் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வண்டி எடுக்காமல் இருப்பீர்களானால் டேங்கைக் காலி செய்துவிடுவது உத்தமம். எத்தனால் ஈரத்தை இழுக்கும், டேங்க் அடியில் தண்ணீர் பிரிந்து நிற்கும்.

அடிப்பகுதிக்கு வருவோம். முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின்னில் ஒவ்வொரு பக்கமும் மூன்று கிரீஸ் நிப்பிள். கம்பெனி சொன்னது 3000 மைலுக்கு ஒரு முறை கிரீஸ். செம்மண் புழுதியில் அதில் பாதி தூரத்துக்கே அடியுங்கள். சக்கரத்தை ஜாக்கில் தூக்கி, பளு இல்லாமல் அடித்தால்தான் கிரீஸ் உள்ளே போகும். கம்பிச் சக்கரம் உள்ள வண்டியில் ரிவர்ஸிலிருந்து முதல் கியர் மாற்றும்போது "டக்" என்று கேட்டால் சக்கரமும் ஹப்பும் கோத்துக்கொள்ளும் பற்களான ஸ்ப்ளைன் தேய்ந்திருக்கலாம். ஹப்பையும் சக்கரத்தையும் சேர்த்தே மாற்ற வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றினால் புதியதையும் பழையது தின்றுவிடும். கிளட்ச் மாற்ற எஞ்சினை வெளியே எடுத்தாக வேண்டும். கூலி அங்கேதான் போகும் என்பதால் பிளேட், பிரஷர் பிளேட், கார்பன் ரிலீஸ் பேரிங் எல்லாவற்றையும் ஒரே தடவையில் முடித்துவிடுங்கள்.

துருதான் விலையைத் தீர்மானிக்கிறது. இந்தக் காருக்குத் தனிச் சேஸிஸ் இல்லை. கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதிதான் முதுகெலும்பு. அது பல அடுக்குத் தகடு, வெளித்தகடு மட்டும் பளபளக்கும்படி டிங்கரிங் செய்து விற்பவர்கள் உண்டு. ஜாக்கில் ஒரு பக்கம் தூக்கும்போது கதவின் இடைவெளி மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் பேரம் பேசக்கூட நிற்க வேண்டாம். செட்டிநாட்டின் வறண்ட காற்று இரும்புக்கு நல்லது. காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) ஆய்வகத்தார் துருச் சோதனைக்கு ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் கடற்கரையில் நிலையம் வைத்திருப்பது காரணத்தோடுதான். ஆகவே சென்னையில் வளர்ந்த வண்டியைவிட கடலை விட்டுத் தள்ளியிருக்கும் ஊர் வண்டியைத் தேடுங்கள். சில்லின் வடிதுளைகளில் செம்மண் அடைக்காமல் மழைக்கு முன் சுத்தம் செய்யுங்கள்.

பின்தெருவில் இருக்கும் கார் ஷெட்டில் மாதக்கணக்கில் நிற்கும் வண்டிக்கு எலிதான் எமன், வயரிங் மொத்தமும் போய்விடும். தரை ஆத்தங்குடிக் கல்லாக இருந்தால் அடியில் தட்டு வையுங்கள். இந்த எஞ்சின் சொட்டும், சிமென்ட் கல் எண்ணெயைக் குடித்தால் கறை போகாது. எலக்ட்ரீஷியனிடம் ஒன்று முன்கூட்டியே சொல்ல வேண்டும்: 1967 வரை வந்த வண்டிகளில் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். வழக்கம்போல் இணைத்தால் புதிதாகப் போட்ட மின்னணுச் சாமான் ஒரு நொடியில் புகையும்.

கடைசியாக ஆர்.சி. இருபது வருடம் தாண்டிய இறக்குமதிக் காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 80,000 ரூபாயாக உயர்த்தினார்கள், அதுவும் ஐந்து வருடத்துக்குத்தான். ஐம்பது வருடம் தாண்டிய, பெரிதாக மாற்றம் செய்யாத வண்டியென்றால் 2021 விதிப்படி வின்டேஜ் பதிவு உண்டு: 20,000 ரூபாய், பத்து வருடம், பிறகு மறுபதிவுக்கு 5,000. நம்பரில் 'விஏ' எழுத்து வரும். ஆனால் கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்ற காரியங்களுக்குத்தான் சாலையில் இறக்கலாம், தினசரி ஓட்ட அனுமதி இல்லை. ஞாயிறு காலை கானாடுகாத்தான் வரை போய்வர ஆசைப்படுகிறவர்கள், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே எந்தப் பதிவு வேண்டும் என்று முடிவு செய்துவிட்டு, எஞ்சின் நம்பரையும் பாடி நம்பரையும் ஆர்.சி.யோடு ஒத்துப் பாருங்கள்.