விசிவாரும் மாஞ்சியும்

ஜூன் 12
அடுத்த நிகழ்ச்சிக்கு நந்தனார் என்று முடிவாகிவிட்டது, சாதியால் கோயிலுக்குள் விடப்படாத அந்தச் சிவனடியார். எங்கள் சின்ன வானொலியில் கிடைப்பது அரை மணி நேரம். இலக்கியம் பாதி, கர்நாடக இசை பாதி. பாட்டு கோபாலகிருஷ்ண பாரதியின் ‘வருகலாமோ’, உள்ளே வரலாமா என்று நந்தனார் சிவனைக் கேட்பது, மாஞ்சி ராகம். அதற்கு முன் எதை வாசிப்பது? நாற்பது வேலி நிலத்தை அறுவடை செய்துவிட்டுத் தில்லைக்குப் போ என்ற வேதிய ஆண்டையின் கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் பெரியபுராணத்தில் அந்த ஆண்டையே கிடையாது, 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி சேர்த்தது. சரி, பெரியபுராணம் பாடிய சேக்கிழாரிடமே போவோம் என்றேன்.

ஜூன் 13
பெரியபுராணத்தில் நந்தனார் கதை வரும் திருநாளைப்போவார் புராணத்தில் ஒரே பாட்டில் நின்றுவிட்டேன். கோயில்களுக்கு அவர் கொடுத்தவை: பேரிகை முதலான கருவிகளுக்குப் போர்வைத்தோல், அதை இழுத்துக் கட்டும் விசிவார், வீணைக்கும் யாழுக்கும் நரம்பு, அர்ச்சனைக்கு மாட்டிலிருந்து கிடைக்கும் கோரோசனை. உள்ளே ஒலிக்கும் இசைக்கெல்லாம் பொருள் தந்தவருக்கு உள்ளே போக வழியில்லை! இதைக் கேட்ட காதோடு ‘வருகலாமோ’வைக் கேட்டால் அது வெறும் பக்தி உருக்கமாக நிற்காது. அந்தக் கேள்வி பாட்டைக் கேட்பவர்மேலும் வந்து விழும். சேக்கிழாரின் இந்தப் பாட்டைத்தான் வாசிக்க வேண்டும், இரண்டு முறை.

ஜூன் 14
மயிலாப்பூரில் மிருதங்கம் மூட்டும் அண்ணனைப் பார்த்தேன். வார் இழுத்துக் கட்டும் சத்தத்தைப் பதிவு செய்யத்தான் போனேன். “ஆடு, மாடு, எருமை, மூணு தோலும் வேணும் தம்பி. வார் எருமைத்தோல்” என்றார். சேக்கிழார் பாட்டைப் படித்துக் காட்டினேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். அப்புறம், “அவர் பேரைச் சொல்லிட்டு எங்க சத்தத்தைப் போடுங்க” என்றார். அப்படியே செய்கிறோம்.

ஜூன் 16
பதிவு. மின்விசிறியை நிறுத்திய அறையில் எல்லோருக்கும் வியர்வை. 1938இல் இதே நாளில்தான் சென்னையில் அகில இந்திய வானொலி தொடங்கியது, அதையும் சொல்லலாமா என்று வாசிக்கும் அக்கா கேட்டார். நேரமில்லை. கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரத்துக்குச் சிறப்புப்பாயிரம் (நூலைப் பாராட்டும் முன்னுரைப் பாட்டு) தர மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை முதலில் தயங்கிய கதையையும் வெட்டினேன். பாட்டுக்கு முன் பாடும் ராக ஆலாபனையைக் குறைக்கலாம் என்று தொகுக்கும் தம்பி சொன்னதற்கு மட்டும் சம்மதிக்கவில்லை. மாஞ்சி பைரவிக்கு மிக அருகில் இருக்கும் ராகம், நிதானமாகப் பாடினால்தான் அதன் முகம் தெரியும். பேச்சைக் குறைப்போம்.

ஜூன் 19
ஒலிபரப்பானது. “பக்திப் பாட்டுக்கு முன்னால் எதற்குத் தோல் பேச்சு?” என்று ஒருவர் கோபமாகக் கேட்டார். பாட்டு எண்ணைச் சொல்லிச் சேக்கிழாரை எடுத்துப் பார்க்கச் சொன்னேன்.

அடுத்தது சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவை. குழலைப் பற்றிய பாட்டுக்குப் புல்லாங்குழல் மட்டும் போதும் என்கிறார் அக்கா. எனக்குக் குரலும் வேண்டும். நாளை பேச வேண்டும்.