பிச்சாவரம் போகிறீர்களா? வாய்க்காலைப் பார்க்காமல் வராதீர்கள்

கடலோரச் சேற்றில் வளரும் அலையாத்திக் காடுதான் பிச்சாவரம். சிதம்பரத்தில் இருந்து கிட்டத்தட்ட பதினைந்து கிலோமீட்டர்தான். அதற்கு ஓர் ஆட்டோக்காரர் கேட்ட காசில் நான் பஸ்ஸேறி சென்னைக்கே போய்விடலாம். எவ்வளவு பேசியும் இறங்கி வரவில்லை. சரி என்று வெயிலில் நின்று, கிள்ளை வழியாகப் போகும் பஸ்ஸில் ஒற்றைக்காலில் தொங்கிக்கொண்டு போனேன். மிச்சமான காசு துடுப்புப் படகுக்கு ஆயிற்று. மோட்டார் படகு எடுக்கவே எடுக்காதீர்கள். அது அகலமான கால்வாயோடு திரும்பிவிடும்; பேசவும் முடியாது.

எல்லோரும் சுரபுன்னை மர வேர்களைப் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். எனக்கு ஆச்சரியமே வேறு இடத்தில். "அண்ணே, அந்தப் பக்கம் வாய்க்கால் இவ்வளவு நேரா இருக்கே?" என்று கேட்டேன். "அது வெட்டுன வாய்க்கா தம்பி. எங்க ஆளுங்கதான் வெட்டுனாங்க" என்றார் படகோட்டி.

வெள்ளைக்காரன் காலம் தொட்டு 1970கள் வரை இந்தக் காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்தார்கள். நிழல் போனதும் சேறு காய்ந்து தரை அமுங்கியது. பள்ளத்தில் புகுந்த கடல்நீர் வெளியேற வழியில்லாமல் தேங்கி வற்றியது. உப்பு ஏறிக்கொண்டே போனது. உப்பைத் தாங்கும் அலையாத்தி மரமான வெண்கண்டலே அங்கே முளைக்கவில்லை. பழியோ, மாடு மேய்த்து விறகு பொறுக்கிய ஊர்க்காரர்கள் தலையில் விழுந்தது. எவ்வளவு பெரிய அநியாயம்!

1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் மண்ணின் உப்பை அளந்து, செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துத்தான் உண்மையான காரணத்தைப் பிடித்தன. பிறகுதான் மண்வெட்டி. இயற்கையான ஓடையில் இருந்து ஒரு பெரிய வாய்க்கால், அதன் இருபுறமும் சாய்வாகச் சின்ன வாய்க்கால்கள்: மேலிருந்து பார்த்தால் மீன்முள் மாதிரி இருக்கும். கடல் ஏறி இறங்கும்போதெல்லாம் நீர் உள்ளே வந்து உப்பை அலசிக்கொண்டு போகும். கரையில் வெண்கண்டல் நட்டார்கள். பிடித்துக்கொண்டது!

மரக்கன்றோடு போட்டோ எடுத்துப் போடும் அமைப்புகள் எல்லாம் ஒருமுறை இங்கே வந்து பார்க்க வேண்டும். தண்ணீர் ஏன் நிற்கிறது என்று கேட்காமல் லட்சம் கன்று நட்டிருந்தாலும் லட்சமும் செத்திருக்கும். வாய்க்கால் வெட்டியதோடும் வேலை முடியவில்லை. அதில் வண்டல் சேரும், தூர் வார வேண்டும். அதனால்தான் கிராமக் குழுக்களை அமைத்து, திட்டம் போடுவதிலேயே ஊர்க்காரர்களைச் சேர்த்தார்கள்.

திரும்பும் வழியில் கிள்ளையில் ஒரு சின்னக் கடையில் நண்டுக் குழம்பு. அடடா! மிளகுக் காரம் காதுவரை ஏறியது, இரண்டாம் முறை சோறு வாங்கினேன், அப்படியும் ஆட்டோக்காரர் கேட்டதில் பாதி ஆகவில்லை. அலையாத்தி வேர்களுக்கு நடுவில்தான் நண்டும் இறாலும் குஞ்சாக வளர்கின்றன. இங்குள்ள இருளர் மக்கள் சேற்று நீரில் கையாலேயே துழாவி இறால் பிடிப்பார்கள். காடு திரும்பினால் சோறும் திரும்பும்.

அப்புறம், செலவு. தனியாகப் போனால் படகுக் காசு கையைக் கடிக்கும், சிதம்பரத்திலேயே ஆள் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏறும் முன்பே வெட்டு வாய்க்கால் பக்கம் போக முடியுமா என்று கேட்டுவிடுங்கள்; நீர் வற்றும் நேரமாக இருந்தால் படகு தரைதட்டும், கூட்டிப்போக மாட்டார்கள்.