ரேடியோவுக்கு ஆகாத ஐரிஷ்

"என் ஐரிஷ் ரேடியோவுக்கு ஆகாது, வேற யாரையாவது பாரு" என்றார் அந்த மீனவர். அதையும் ஐரிஷ் மொழியில்தான் சொன்னார். அயர்லாந்தின் மேற்கே கானமாரா கடற்கரையில் பிறந்து, அம்மா பேசியதையே பேசி அறுபதைத் தாண்டியவர். நான் வகுப்பில் ஐரிஷ் கற்று, ஐரிஷ் வானொலியில் தயாரிப்பாளர் வேலைக்கு வந்த வெளியூர்க்காரன். என்னிடம் போய் மன்னிப்புக் கேட்கிற குரலில் பேசினார்.

2020 கடைசியில் ஐரோப்பிய ஒன்றியமும் பிரிட்டனும் ஒப்பந்தம் போட்டு, அயர்லாந்தின் மீன்பிடி ஒதுக்கீடு, அதாவது பிடிக்க அனுமதித்த மீனின் அளவு, குறைந்த சமயம் அது. பெரிய அடி கானாங்கெளுத்திக்கு. மதிய நிகழ்ச்சியில் இதைப் பற்றிப் பேச ஆள் வேண்டும். எங்கள் தொழிலில் தீராத தலைவலி இதுதான்: விஷயம் தெரிந்தவருக்கு ஐரிஷ் வராது, ஐரிஷ் வருகிறவருக்கு விஷயம் பாதிதான் தெரியும். கல்விக்கூடத்துக்கு வெளியே தினமும் ஐரிஷ் பேசுகிறவர்கள் நாடு முழுக்க 72 ஆயிரம் பேர்தான் என்கிறது 2022 கணக்கெடுப்பு. அதில் டாக்டர் எத்தனை பேர், வக்கீல் எத்தனை பேர், கூப்பிட்டதும் மைக் முன்னால் வருகிறவர் எத்தனை பேர்? அதனால் எல்லாத் தயாரிப்பாளர்களிடமும் அதே பத்துப் பதினைந்து போன் எண்கள்தான் இருக்கும்.

இவரோ இரண்டும் உள்ளவர். ரோஸ் ஆ வீல் துறைமுகத்துப் பக்கம் சின்னப் படகு, நண்டுக்கூடு போடுகிறவர். ஏன் வரமாட்டேன் என்கிறீர்கள் என்று கேட்டேன். பேச்சுக்கு நடுவில் இங்கிலீஷ் வார்த்தை வந்துவிடுமாம், படித்தவர்கள் கேட்டால் சிரிப்பார்களாம். அப்புறம் அவராகவே தொடர்ந்தார்: "பெரிய கப்பல்காரனுக்கு நஷ்டம்னுதான் எல்லாரும் சொல்றாங்க. கானாங்கெளுத்தி கிடைக்கலைன்னா என் கூட்டுக்கு இரை ஏது? நண்டு சும்மா வந்து உள்ளே உட்காருமா?" இந்தக் கோணம் அன்று எந்தச் செய்தித்தாளிலும் என் கண்ணில் படவில்லை. எதிரே பதிவுப் பொத்தான் இருந்தது. நான் அழுத்தவில்லை. மாட்டேன் என்றவரின் குரலைப் பதிவு செய்து போட முடியாது, போடவும் கூடாது.

ஆனால் இன்னும் ஒரு தடவை கேட்டிருக்கலாமே என்கிற இடத்தில்தான் மனசு நிற்கிறது. கேட்காமல், டப்ளினில் இருக்கும் ஓர் ஆய்வாளரைக் கூப்பிட்டேன். சுத்தமான பேச்சு, சரியான புள்ளிவிவரங்கள். வெட்டி ஒட்ட வேண்டிய வேலையே இல்லை. இரை பற்றி அவருக்கு ஒன்றும் தெரியவில்லை, அதை நானும் கேள்வியாக எழுதிக் கொடுக்கவில்லை. மீனவர் தனியாகச் சொன்னதை இன்னொருவர் வாயில் வைப்பது சரியாகப் படவில்லை. இது நியாயமா சாக்கா, தெரியாது.

1970இல் கானமாராவின் ரோஸ் முக் ஊரில் சில இளைஞர்கள் அனுமதியில்லாமல் ஒலிபரப்பியதும், அந்த நெருக்குதலில் 1972இல் அரசே ஐரிஷ் வானொலியைத் தொடங்கியதும் இவரைப் போன்றவர்களுக்காகத்தான். தங்கள் பேச்சைத் தாங்களே வானொலியில் கேட்கட்டும் என்று. இன்னொரு பக்கம், 1958இல் அரசு எழுத்துக்கும் இலக்கணத்துக்கும் வகுத்த ஐரிஷ் தர வடிவத்தைப் பள்ளியில் கற்று வந்த என் மாதிரி ஆட்கள் இல்லாவிட்டால் பாதி நிகழ்ச்சிகளுக்கு ஆளே இருக்காது. அதையும் சொல்லத்தானே வேண்டும்? மீனவரின் ஊர்ப் பக்கத்திலேயே பிறந்த சக ஊழியர் ஒருவர் என் புலம்பலைக் கேட்டுச் சலித்துக்கொண்டார்: "எப்பப் பாரு அதே குரல்னு குறை சொல்றதும் இவங்கதான், கூப்பிட்டா வராததும் இவங்கதான். விடு." அவர் சொல்லலாம், அவருக்கு அந்த உரிமை இருக்கிறது. நான் சொன்னால் நன்றாக இருக்காது.

பிறகு துறைமுகத்தில் அந்த மீனவரைப் பார்த்தேன். கோபப்படுவார், குறைந்தபட்சம் கிண்டலாவது செய்வார் என்று எதிர்பார்த்தேன். செய்திருந்தால் இதை எழுதியிருக்கவே மாட்டேன். "நீ கூப்பிட்ட ஆள் நல்லா பேசினார். அதுதான் சரியான ஐரிஷ்" என்றார். நிஜமாகவே பாராட்டினார். இல்லை, உங்களுடையதுதான் சரி என்று சொல்ல வாயெடுத்தேன். என் உச்சரிப்பில் அதைச் சொன்னால் எப்படி இருக்கும் என்று தோன்றியது. நண்டு விலை என்ன என்று கேட்டேன்.

அடுத்த முறை ஒதுக்கீட்டுப் பேச்சு வந்தபோது முதலில் மீனவரின் எண்ணைத்தான் எடுத்தேன். நிகழ்ச்சிக்கு இன்னும் அரை மணி நேரம்தான் இருந்தது. ஆய்வாளரைக் கூப்பிட்டேன்.