லேசரோடு வரும் சிறு கைத்துப்பாக்கி: மருமகன் கேட்ட கேள்வியும் என் பதிலும்

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரின் புறப்பகுதியில் பெட்ரோல் நிலையத்தோடு சேர்ந்த பலசரக்குக் கடை நடத்தும் என் தங்கை மகன், உடைக்குள் மறைத்து வைத்துக்கொள்ளத்தக்க சிறிய கைத்துப்பாக்கி ஒன்றை, அதிலும் குறிபார்க்க இலக்கின் மேல் புள்ளி விழவைக்கும் லேசர் ஒளி உள்ளேயே பொருத்தப்பட்டு வருவதை, வாங்கலாமா என்று என்னிடம் கேட்டிருந்தான். ராணுவத்தில் ஆர்மரராக, அதாவது துப்பாக்கிகளைப் பராமரித்துப் பழுதுபார்ப்பவனாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்பதால், துப்பாக்கி என்ற சொல் எழுந்தாலே எங்கள் குடும்பத்தில் நான் வசிக்கும் தக்கலைக்குத்தான் தொலைபேசி வரும். நம் குமரி மாவட்டத்திலிருந்து அங்கே போய் கடையும் தொழிலுமாக இருக்கும் வேறு சிலரும் இதே கேள்வியைக் கேட்டிருப்பதால், அவனுக்குச் சொன்னதைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன்.

முதலில், யார் வாங்கலாம் என்பது. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதை அமெரிக்க மத்தியச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. கிரீன் கார்டு பெற்றவர்களுக்கு அந்தத் தடை இல்லை. என் மருமகன் கிரீன் கார்டு உள்ளவன். டெக்சாஸ் மாநிலத்தில் 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிறைந்து வேறு தடை எதுவும் இல்லாதவர் உரிமமின்றியே கைத்துப்பாக்கியை உடன் கொண்டுசெல்லலாம். அப்படியிருந்தும் மாநில உரிமத்தை எடுத்துவிடு என்றுதான் நான் வற்புறுத்தினேன். பள்ளிக்கூடத்தைச் சுற்றி 1000 அடிக்குள் துப்பாக்கி வைத்திருப்பதைத் தடுக்கும் மத்தியச் சட்டம், அந்த மாநிலம் வழங்கிய உரிமம் வைத்திருப்பவருக்கு விலக்கு அளிக்கிறது. காரில் கடைக்குப் போகும் வழியில் எத்தனை பள்ளிகள் இருக்கின்றன என்று எண்ணிக்கொண்டு ஓட்ட முடியாது. உரிமத்துக்கான வகுப்பில், எந்தக் கதவில் எந்த அறிவிப்பு ஒட்டியிருந்தால் உள்ளே கொண்டுபோகக் கூடாது என்பதையும் சொல்லித் தருவார்கள். ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் குறைந்தது ஓர் அங்குல உயர எழுத்தில் அந்த அறிவிப்பு இருக்க வேண்டும் என்பது வரை அங்கே சட்டம் வகுத்திருக்கிறது.

நம் ஊரில் இந்தக் கேள்வியே எழாது. மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பித்து, காவல்துறை விசாரணை முடிந்து, உரிமம் கிடைத்தாலும், கடைக்காரர் எடுத்துக் காட்டுவது பெரும்பாலும் .32 (தோட்டாவின் விட்ட அளவு) ரிவால்வரோ .32 பிஸ்டலோதான். 9 மி.மீ. ராணுவத் தோட்டா தனியாருக்குத் தடை செய்யப்பட்ட வகை. வெளிநாட்டுத் துப்பாக்கிகளைத் தனியார் இறக்குமதி செய்வது 1980களிலேயே நிறுத்தப்பட்டுவிட்டது. கான்பூரில் 2014இல் வெளிவந்த நிர்பீக் என்ற ரிவால்வர் அரைக் கிலோ எடை கொண்டது. 2023இல் வந்த பிரபல் என்பதில் தோட்டா உருளை பக்கவாட்டில் திறக்கும். இரண்டிலும் லேசர் இல்லை. தேர்தல் அறிவிப்பு வந்ததும் அவற்றைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு, முடிவு வந்த பிறகு போய் வாங்கி வருவது நம் உரிமக்காரர்களுக்குப் பழகிப்போன வேலை. ஒன்றை மட்டும் குறிப்பிட வேண்டும்: உடலோடு இணைந்த உறையில், முழுவதும் மூடப்பட்ட நிலையில்தான் பொது இடத்தில் கைத்துப்பாக்கி கொண்டுசெல்ல வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் சொல்கின்றன. அதாவது மறைத்துக் கொண்டுசெல்வது இங்கே சலுகை அன்று, கட்டாயம். இடுப்பில் வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டு திருமண வீட்டில் நிற்பவர்கள் இதை அறிவார்களா என்பது எனக்கு ஐயமே. டச்சுத் தளபதி டிலனாய் பீரங்கி வார்த்த உதயகிரிக் கோட்டைக்குப் பக்கத்திலேயே வாழ்ந்துகொண்டு, நான் இதையெல்லாம் தொலைபேசியில் ஹூஸ்டனுக்கு விளக்க வேண்டியிருக்கிறது.

மருமகன் மனத்தில் இருந்தது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனத்தின் பாடிகார்டு 380. ஏறத்தாழ 340 கிராம் எடை, 2.75 அங்குலக் குழல், மேகசினில் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டியில்) ஆறு தோட்டாக்கள், குழலில் ஒன்று. சுடுவதற்கு விரலால் இழுக்கும் விசைக்கு (டிரிகர்) முன்னால் சட்டகத்துக்குள்ளேயே லேசர் அடங்கியிருக்கும். இரு பக்கமும் சிறு பொத்தான்கள் உண்டு. 2010இல் வந்தபோது அதற்கு நல்ல வரவேற்பு இருந்தது. தாரஸ் நிறுவனம் இன்னும் ஒரு படி மேலே போய், கர்வ் என்ற பெயரில், வலது இடுப்பின் வளைவுக்கேற்ப உடலே வளைந்த ஒரு துப்பாக்கியை லேசரும் விளக்கும் சேர்த்து விற்றது. குறிபார்ப்பதற்காகத் துப்பாக்கியின் மேல் முன்னும் பின்னும் இருக்கும் வழக்கமான முன்குறி, பின்குறி எதுவும் அதில் கிடையாது. லேசர் இருக்கும்போது குறிகள் எதற்கு என்று எண்ணினார்கள் போலும். மின்கலம் தீர்ந்த நாளில் அதை வைத்து என்ன செய்வது என்ற கேள்விக்கு எனக்கு நிறைவான விடை கிடைக்கவில்லை.

லேசரின் பயன் எங்கே இருக்கிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. இவ்வளவு சிறிய துப்பாக்கியில் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைவெளி ஏறத்தாழ 11 சென்டிமீட்டர் இருக்கும். முன்குறி ஒரு மில்லிமீட்டர் விலகியிருந்தால், ஏழு மீட்டர் தூரத்தில் தோட்டா 6 சென்டிமீட்டருக்கும் மேல் விலகிப்போகும். ராணுவத்தில் நாங்கள் கையாண்ட 9 மி.மீ. பிஸ்டலில் அந்த இடைவெளி 16 சென்டிமீட்டர் அளவுக்கு இருந்ததால், அதே தவறு 4 சென்டிமீட்டரைச் சற்றுத் தாண்டும். ஆக, துப்பாக்கி சிறுக்கச் சிறுக்கக் குறிபார்ப்பதில் நேரும் பிழை பெருகுகிறது. அந்தப் பிழையை லேசர் உண்மையிலேயே நீக்கிவிடுகிறது. நாற்பதைத் தாண்டியவர்களுக்கு, கைநீட்டும் தூரத்தில் உள்ள முன்குறி மங்கலாகத் தெரியத் தொடங்கும். இலக்கின் மேலேயே விழும் புள்ளிக்கு அந்தச் சிக்கல் இல்லை. பதற்றத்தில் மனிதனின் கண் எதிரில் நிற்பவனைத்தான் பார்க்குமே தவிர, கையில் இருப்பதைப் பார்க்காது என்பதால், புள்ளியும் அங்கேயே இருப்பது இயல்புக்குப் பொருந்துகிறது.

ஆனால் லேசரால் நீக்க முடியாத பிழை ஒன்று உண்டு. என் அனுபவத்தில் பெரும்பாலான குண்டுகள் தவறுவது அதனால்தான். அது விசையை இழுக்கும் விரலின் பிழை. பாடிகார்டு 380 போன்ற துப்பாக்கியில் விசை நீளமானது, கனமானது. ஒவ்வொரு முறையும் தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தியலைப் பின்னுக்கு இழுத்து விடுவிக்கும் வேலையையும் அந்த விரலே செய்ய வேண்டும். 340 கிராம் எடையுள்ள பொருளை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, அதன் எடையைப் போலப் பல மடங்கு வலுவோடு ஒரு பகுதியை மட்டும் இழுத்தால், மீதிப் பகுதி அசையாமல் இருக்குமா? லேசர் இந்த அசைவைக் கூட்டுவதில்லை, கண்ணுக்குக் காட்டிவிடுகிறது. சுவரில் புள்ளி நடுங்குவதைப் பார்த்ததும் புதியவர் அதைத் துரத்தத் தொடங்குகிறார். புள்ளி இலக்கின் மையத்தைக் கடக்கும் கணத்தில் விசையைச் சடாரென்று இழுக்கிறார். தோட்டா கீழே போகிறது. புள்ளி நடுங்கத்தான் செய்யும், அந்த நடுக்கத்தோடே விசையை மெல்ல அழுத்திக்கொண்டே போ என்று கற்பித்தால் ஒழிய லேசர் அவருக்குத் தடையாகத்தான் இருக்கும்.

இதே காரணத்தால், பயிற்சிக் கருவியாக லேசரை நான் மிகவும் மதிக்கிறேன். மேகசினைக் கழற்றி, குழலறை காலியாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிப்படுத்தி, தோட்டாக்களை எல்லாம் வேறு அறையில் வைத்துவிட்டு, தோட்டா ஊடுருவாத சுவரை நோக்கிப் புள்ளியை வைத்து வெறுமனே விசையை அழுத்திப் பார்க்க வேண்டும். வலக்கைக்காரருக்குப் புள்ளி கீழும் இடமுமாகச் சரிந்தால், விரல் மட்டும் இயங்காமல் கை முழுவதும் சேர்ந்து இறுகுகிறது என்று பொருள். பயிற்சித் திடலில் பின்னால் நின்று கத்தும் ஹவில்தார் சொல்வதைவிட இது தெளிவாகச் சொல்லும்.

அடுத்தது, லேசரை எரியவைக்கும் முறை. என் கருத்தில் வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். ஆனால் எல்லோரும் கடைசியாகத்தான் கேட்கிறார்கள். தனிப் பொத்தான் உள்ள துப்பாக்கியில், உறையிலிருந்து உருவிய பிறகு, ஆள்காட்டி விரலையோ மறுகைக் கட்டைவிரலையோ தேடிக் கொண்டுபோய் அழுத்த வேண்டும். பாடிகார்டில் முதல் அழுத்தம் தொடர் ஒளி, இரண்டாவது மினுக்கொளி, மூன்றாவது அணைப்பு. இரவு பதினொரு மணிக்குக் கல்லாவின் முன்னால் ஒருவன் கத்தியோடு நிற்கும்போது இந்த வரிசை நினைவில் நிற்காது. கை பழக்கத்தில் செய்வதையே செய்யும். கிரிம்சன் டிரேஸ் நிறுவனம் புகழ்பெற வைத்த முறையோ வேறு: பிடியை இறுகப் பற்றினாலே நடுவிரலின் அழுத்தத்தில் ஒளி எரியும், பிடியைத் தளர்த்தினால் அணையும். தனியாகச் செய்ய வேண்டிய செயல் எதுவும் இல்லை. துப்பாக்கிக்குள்ளேயே இருக்கிறதா, மேலே பொருத்தியதா என்ற கேள்வியைவிட, எப்படி எரிகிறது என்ற கேள்வி பெரியது.

உள்ளே பொருத்தி வருவதற்கும் நன்மை உண்டு, மறுக்கவில்லை. வெளியே எதுவும் துருத்தாது, உறை எளிதாகக் கிடைக்கும். ஆனால் லேசர் பழுதானால், அதை மட்டும் கழற்றி அனுப்பிவிட்டு வேறொன்றைப் பொருத்திக்கொள்ள வழியில்லாமல் போகலாம். 2024இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் பாடிகார்டின் அடுத்த வடிவத்தை வெளியிட்டபோது, மேகசினில் பத்துத் தோட்டாக்கள், மென்மையான விசை என்று பலவற்றை மாற்றி, லேசரை எடுத்தே விட்டது. இடமும் எடையும் எதற்குச் செலவிடத் தக்கவை என்பது பற்றி அந்த ஒரு முடிவே நிறையச் சொல்கிறது.

நிறத்தைப் பற்றிச் சுருக்கமாக. மனிதக் கண்ணுக்குப் பச்சை ஒளி கூர்மையாகத் தெரியும். சிவப்பு லேசர் நண்பகல் வெயிலில் சில மீட்டருக்கு அப்பால் காணாமலே போய்விடும். பச்சைக்கு விலை அதிகம், மின்கலமும் விரைவில் தீரும். கடைக்குள்ளும் இரவிலும் பயன்படுவதற்குச் சிவப்பு போதும்.

லேசர் குழலுக்குக் கீழே இருப்பதால் ஒளிக்கோடும் தோட்டாப் பாதையும் ஒன்றல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். இரண்டுக்கும் 2.5 சென்டிமீட்டர் இடைவெளி என்று வைத்து, ஏழு மீட்டரில் சந்திக்கும்படி திருகாணிகளைச் சரிசெய்தால், 14 மீட்டரில் தோட்டா புள்ளிக்கு 2.5 சென்டிமீட்டர் கீழே படும். தற்காப்புத் தூரத்தில் இது பொருட்டல்ல. ஆனால் கீழே விழுந்தோ தளர்ந்தோ திருகாணி நகர்ந்துவிட்டால் எவ்வளவு விலகும் என்று சொல்ல முடியாது. மேலும், துப்பாக்கிக்கு எண்ணெய் தேய்க்கும் துணியாலேயே லேசரின் கண்ணாடியையும் துடைத்துவிட்டால், புள்ளி சிதறி ஒரு தீற்றலாகிவிடும். ஹூஸ்டனின் காற்று, கடலோரக் குளச்சலின் காற்றைப் போலவே ஈரம் மிகுந்தது. வியர்வை படும் இடுப்பில் வைக்கும் பொருளில் மின்கல அறையின் தகடுகள் பச்சை பூத்துவிடும். வாரம் ஒரு முறை திறந்து பார்ப்பது அவசியம்.

மார்பில் சிவப்புப் புள்ளி விழுந்ததைக் கண்டாலே கள்ளன் ஓடிவிடுவான் என்று மருமகன் உறுதியாக நம்பினான். தன் மார்பைக் குனிந்து பார்த்துக்கொண்டு யாரும் கொள்ளையடிக்க வருவதில்லை. உயிருக்கு ஆபத்து நேர்ந்தாலொழிய உறையிலிருந்து எடுக்கவே கூடாத ஒன்றை, மிரட்டும் விளக்காக எண்ணத் தொடங்கினால், தேவையற்ற இடத்தில் உருவத்தான் தோன்றும்.

அவன் வீட்டில் இரண்டு சிறு பிள்ளைகள் இருக்கிறார்கள். கோட்டாறு சவேரியார் திருவிழாக் கடைகளில் லேசர் பொம்மை வாங்கி விளையாடிய பிள்ளைகள் அவர்கள். பொத்தானை அழுத்தினால் சுவரில் சிவப்புப் புள்ளி ஓடும் ஒரு கறுப்புப் பொருள் அவர்கள் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்பதைத் தங்கையிடமும் சொல்லியிருக்கிறேன். தோட்டா நிரப்பிய துப்பாக்கியைக் கவனக்குறைவாக வைத்து, அது 17 வயதுக்குட்பட்ட பிள்ளையின் கைக்குக் கிடைத்துவிட்டால், டெக்சாஸில் அது வைத்தவரின் குற்றம். துப்பாக்கிக்கு முன்பே பூட்டுப்பெட்டியை வாங்கிப் படம் அனுப்பு என்றேன், அனுப்பினான்.

பிறகு, வாடகைக்குத் துப்பாக்கி தரும் பயிற்சித் திடலுக்குப் போய், பாடிகார்டு போன்ற சின்னதையும் அதைவிடச் சற்றுப் பெரியதையும் சுட்டுப் பார்த்தான். சின்னது சட்டைப்பைக்குள் அடங்கினாலும், எடை குறைந்ததால் பின்னுதைப்பு உள்ளங்கையில் சுள்ளென்று ஏறியது என்றான். கடைசியில் அவன் எடுத்தது அரைக் கிலோ எடையுள்ள, மேகசினில் பத்துத் தோட்டாக்கள் கொண்ட, சிக் நிறுவனத்தின் பி365. நடுவிரல் அழுத்தத்தில் எரியும் சிவப்பு லேசரைத் தனியாக வாங்கி, விசைக்காப்பின் கீழே பொருத்திக்கொண்டான். அதற்கேற்ற உறை வர நாள் பிடித்தது. விசையை முழுவதும் மூடும் உறை வரும்வரை வெறும் இடுப்பில் செருகக் கூடாது என்பதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. ஆண்டுக்கொரு முறை கிறிஸ்துமஸ் நாளில் மின்கலத்தை மாற்றுவதாகவும், மாற்றிய வாரத்திலேயே திடலுக்குப் போய்ப் புள்ளி நகரவில்லை என்று சுட்டுப் பார்ப்பதாகவும், லேசரை அணைத்துவிட்டு வெறும் குறிகளைக் கொண்டும் அதே அளவு தோட்டாக்களைச் சுடுவதாகவும் ஒப்புக்கொண்டிருக்கிறான்.